யோகா எல்லோருக்கும் ஒத்துவருமா? என் கழுத்து இல்லை என்கிறது, நாத்தனார் ஆமாம் என்கிறார்

ஊசிநூல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி சின்னதுதான். ஆனால் கதையைச் சொல்லாமல் கேட்டால் பாதிப் பேர் "மாஸ்டர் சரியில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவீர்கள். அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 49 வயது. மயிலாடுதுறையில் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை. பிளவுஸ்தான் பெரும்பாலும், பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் யூனிபார்ம். ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது மணி நேரம் மெஷின் முன்னால் குனிந்தபடிதான். முகூர்த்த மாதம் என்றால் கணக்கே கிடையாது. பிரஷருக்குக் காலையில் அம்லோடிபின் 5 ஒன்று. வலது முழங்கால் தேய்மானம். எடை 74 கிலோ, சரி, 76.

என் நாத்தனாருக்கு யோகா என்றால் உயிர். "அண்ணி, ஒரு மாசம் வந்து பாருங்க, மாத்திரையெல்லாம் தூக்கிப் போட்டுருவீங்க" என்று வருடம் முழுக்க நச்சரிப்பு. மாசிக் கடைசியில் முகூர்த்தத் துணியெல்லாம் கொடுத்து முடித்ததும் சேர்ந்தேன். தெருமுனைக் கல்யாண மண்டபத்தின் மாடியில், சாப்பாட்டுக் கூடத்தில் வகுப்பு. விடியற்காலை ஐந்தரை மணி, மாதம் ஐந்நூறு ரூபாய். முந்தின ராத்திரி ரிசப்ஷன் நடந்திருந்தால் மூச்சை இழுக்கும்போதெல்லாம் சாம்பார் வாடை வரும். நாற்பது பேர், ஒரு மாஸ்டர், காலரில் மைக்.

முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. ராத்திரி நல்ல தூக்கம். சவாசனத்தில் குறட்டை விட்டு மாட்டிக்கொண்டதும் நான்தான்.

மூன்றாவது வாரம் ஹலாசனம். மல்லாந்து படுத்து, காலைத் தூக்கி, தலைக்குப் பின்னால் தரையில் வைக்க வேண்டும். என் கால் பாதி வழியில் நின்றுவிட்டது. மாஸ்டர் வந்து, "இன்னும் கொஞ்சம், மூச்சை விடுங்கம்மா, இன்னும் கொஞ்சம்" என்று கெண்டைக்காலைப் பிடித்து அழுத்தினார். பின்கழுத்தில் சுள்ளென்றது. அன்றைக்கு அவ்வளவுதான். மூன்றாம் நாள், ஒரு சந்தன நிறப் பிளவுஸுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தேன். துணியில் சிவப்பாக ஒரு பொட்டு. எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் என் ஆள்காட்டி விரலில் ஊசி குத்தியிருக்கிறது. குத்தினதே தெரியவில்லை. வலது கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மரத்துக் கிடந்தன.

ஸ்கேன் எடுத்தோம். கழுத்தில் 5, 6 எலும்புக்கு நடுவில் டிஸ்க் பிதுங்கி நரம்பில் இடிக்கிறதாம். தேய்மானம் முன்பே இருந்திருக்கிறது, இது மேலே விழுந்த அடி என்றார் டாக்டர். காலர், பிசியோதெரபி, இரண்டரை மாதம். இப்போது கட்டை விரல் நுனி மட்டும்தான் லேசாகத் திமிர்கிறது.

டாக்டர்: "இனிமே யோகா பக்கமே தலை வெச்சுப் படுக்காதீங்க." மாஸ்டர்: "உங்க உடம்பு ரொம்ப இறுக்கம்மா." நாத்தனார்: "நீங்க நம்பிக்கையோட செய்யல அண்ணி."

என் விஷயம் போகட்டும். இப்போது நாத்தனார் என் அம்மாவைக் கூட்டிப்போகப் பார்க்கிறார். அம்மாவுக்கு 71 வயது, இரண்டு கண்ணிலும் பிரஷர், தினமும் ராத்திரி சொட்டு மருந்து. ஜூன் 21 யோகா தினத்துக்குப் பள்ளி மைதானத்தில் கூட்டாகச் செய்கிறார்கள், டி-ஷர்ட் இலவசம். அம்மாவுக்கு அந்த டி-ஷர்ட் மேல் ஒரு கண். "அதுல எல்லாரும் செய்யலாம்னுதான் நோட்டீஸ்லயே போட்டிருக்கு" என்கிறார் நாத்தனார்.

நிஜமாகவே எல்லோரும் செய்யலாமா? இல்லை, சில உடம்புக்கு இது ஆகவே ஆகாதா? பிசியோ பெண் "அளவெடுக்காம தைச்ச பிளவுஸ் மாதிரிங்க்கா" என்றாள். தையல்காரி என்றதும் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். அதை விட்டுவிட்டு வேறு ஏதாவது சொல்லுங்கள்.


காலைநடை61 எழுதியது:

சகோதரி, யோகா யாருக்கும் கெடுதல் செய்யாது. ஆயிரக்கணக்கான வருடமாக நம் முன்னோர்கள் செய்தது. நான் இருபது வருடமாகத் தினமும் சர்வாங்காசனம் (தோளை ஊன்றி, காலை மேலே தூக்கி நிற்பது) பத்து நிமிடம், ஹலாசனம் ஐந்து நிமிடம். இன்று வரை தலைவலி மாத்திரைகூடப் போட்டதில்லை. பயம்தான் நோய். மறுபடி தொடங்குங்கள், கழுத்து தானாகச் சரியாகும். அம்மாவையும் தாராளமாக அனுப்பலாம்.


தஞ்சை பி.டி. வாத்தியார் எழுதியது:

காலைநடை சார், பெயரில் இருக்கிற 61 உங்கள் வயதென்றால், நீங்கள் 41 வயதில் நல்ல கழுத்தோடு தொடங்கியிருக்கிறீர்கள். சந்தோஷம். அந்தத் தங்கச்சி 49 வயதில், வருடக்கணக்கில் மெஷினில் குனிந்த கழுத்தோடு தொடங்கியிருக்கிறார். "மறுபடி ஹலாசனம் செய்யுங்கள், சரியாகும்" என்பதைத் தயவுசெய்து திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

தங்கச்சி, நான் உதவிபெறும் பள்ளியில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். காலையில் 28 வருடம் யோகா வகுப்பும் நடத்தினேன். உங்கள் மாஸ்டரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

1999-இல் என் வகுப்பில் வங்கிக் காசாளர் ஒருவர் இருந்தார். பச்சிமோத்தாசனத்தில், காலை நீட்டி உட்கார்ந்து குனிந்தால், அவர் விரல் முழங்காலைத் தாண்டவில்லை. நான் பின்னால் போய் முதுகில் இரண்டு கையையும் வைத்து, மூச்சை விடச் சொல்லி, அழுத்தினேன். அப்படித்தான் எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். விரல் பாதத்தைத் தொட்டது, எல்லோரும் கை தட்டினார்கள். மறுநாள் அவர் வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஒருக்களித்துப் படுத்தபடி, "சார், தும்மினா உயிர் போகுது" என்று சிரித்தார். நாற்பது நாள் லீவு. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. இடுப்பிலிருந்து மடங்காத உடம்பை அழுத்தினால் முதுகெலும்புதான் வளையும், டிஸ்க் பின்பக்கம் தள்ளப்படும். அதன் பிறகு யார் முதுகிலும் நான் கை வைத்ததில்லை.

இனி உங்கள் கழுத்து. ஹலாசனத்தில் மோவாய் நெஞ்சில் முட்டும், கழுத்து முழுசாக முன்னால் மடங்கும். அந்த நிலையில் உடம்பின் எடை தோளுக்கும் கழுத்துக்கும் வரும். தோள் எடையை வாங்கினால் பரவாயில்லை. தோள் இறுகியிருந்தால் கழுத்து வாங்கும். பெயர்பெற்ற யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் இதற்காகத்தான் தோளுக்கு அடியில் மூன்று நான்கு போர்வையை மடித்து வைத்து, தலை மட்டும் கீழே தரையில் இருக்கும்படி செய்தார். மண்டபத்தில் என்ன இருந்திருக்கும், ஒரு ஜமுக்காளம். தினம் எட்டு மணி நேரம் முன்னால் மடங்கியே இருக்கிற கழுத்தை விடியற்காலையில் கூப்பிட்டு இன்னும் மடக்கு என்கிறோம். பிளவுஸ் உவமையைச் சொல்லக் கூடாது என்கிறீர்கள், சொல்லவில்லை.

"ஆயிரக்கணக்கான வருடம்" என்பதற்கும் ஒரு வார்த்தை. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று சொல்லப்படுகிற ஹட யோகப் பிரதீபிகை என்கிற யோக நூலில் விளக்கியிருப்பது 15 ஆசனங்கள். அதில் பாதிக்கு மேல் உட்காரும் நிலை. ஹலாசனம் அந்தப் பட்டியலில் இல்லை. இளைஞன், கிழவன், படுகிழவன், நோயாளி, பலவீனன் யாராக இருந்தாலும் பயிற்சியால் சித்தி பெறலாம் என்று அதில் இருக்கிறது, உங்கள் நாத்தனாருக்கு இதைத் தாராளமாகக் காட்டலாம். ஆனால் அடுத்த அத்தியாயத்தையும் காட்டுங்கள். சிங்கம், யானை, புலியைப் பழக்குவது போல மூச்சை மெல்ல மெல்லப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் பழக்குகிறவனையே கொன்றுவிடும் என்று அங்கே எழுதியிருக்கிறது. எல்லோருக்கும் உண்டு என்கிற நூல்தான் இதையும் சொல்கிறது.

இன்று வகுப்புகளில் பார்க்கிற பல ஆசன வரிசைகள் 1930-களில் மைசூர் அரண்மனையில் ஐயங்காரின் குருவான கிருஷ்ணமாச்சாரியார் நடத்திய யோகசாலையிலிருந்து பரவியவை. அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் பையன்கள், ரப்பர் மாதிரி வளைகிற வயது. அதே கிருஷ்ணமாச்சாரியார் பிற்பாடு சென்னைக்கு வந்த பிறகு, வருகிற ஆளைத் தனியாகப் பார்த்து, நாடி பிடித்து, அவரவருக்கு வேறு வேறாகக் கொடுத்தார். மகன் தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் தொடங்கிய 'கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம்' என்கிற நிறுவனமும் அந்த வழியில்தான் வந்தது. நாம் மைசூர்ப் பையன்களுக்குக் கொடுத்ததை எடுத்துக்கொண்டோம், கிழவர் பிற்பாடு செய்ததை விட்டுவிட்டோம். நாற்பது பேருக்கு மைக்கில் சொல்வதற்கு முதலாவதுதான் சௌகரியம்.

டாக்டர் சொன்னதிலும் எனக்குப் பாதிதான் உடன்பாடு. இரண்டு வாரம் நன்றாகத் தூங்கினீர்களே, அது எதனால்? அதை ஏன் விட வேண்டும்? ஆனால் பிசியோதெரபி முடிந்து அவர்கள் சரி என்று சொன்ன பிறகு, இதை அவர்களிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

கை இல்லாத நாற்காலியோ ஸ்டூலோ எடுத்துக்கொள்ளுங்கள். முன்விளிம்பில் உட்காருங்கள், பாதம் இரண்டும் தரையில் பதியட்டும். மூச்சை இழுத்தபடி இரண்டு கையையும் முன்பக்கமாகத் தோள் உயரம் வரை தூக்குங்கள். மூச்சு முடியும்போதுதான் கை மேலே போய்ச் சேர வேண்டும், முன்னாலேயே போய் நின்று காத்திருக்கக் கூடாது. விடும்போது இறக்குங்கள். ஆறு தடவை. கழுத்து எங்கேயும் மடங்கக் கூடாது, பார்வை எதிர்ச்சுவரில். அப்புறம் முழங்கையை மடக்கி, தோள்பட்டை எலும்பு இரண்டையும் பின்னால் ஒன்றோடொன்று சேர்த்து, விடுங்கள். அதுவும் ஆறு. கடைசியில் தலையணையோடு மல்லாந்து, முழங்காலுக்கு அடியில் ஒரு திண்டு வைத்துப் படுத்து, ஐந்து நிமிடம் வெறுமே மூச்சைக் கவனியுங்கள். குறட்டை வந்தால் வரட்டும். விரலில் திமிர் கூடினால் அன்றோடு நிறுத்திவிட வேண்டும்.

கபாலபாதி, பஸ்திரிகா போல அடித்து மூச்சு விடுவதெல்லாம் பிரஷர்காரர்களுக்கு வேண்டாம். அம்லோடிபினை எந்த மாஸ்டர் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். குறைக்கச் சொல்வது டாக்டராக இருக்க வேண்டும், அளந்து பார்த்துவிட்டு. முழங்கால் தேய்மானத்தோடு, காலை மடக்கிக் குதிகால் மேல் உட்காரும் வஜ்ராசனத்தில் உட்கார்ந்து, பல்லைக் கடித்து வலியைப் பொறுத்துக்கொள்வதும் வேண்டாம்.

இன்னொன்று. பல அரசு மருத்துவமனைகளில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் அதற்கென்றே ஐந்தரை வருடம் படித்தவர்கள். சீட்டு வாங்கி ஸ்கேனைக் காட்டுங்கள், செலவும் இல்லை.

அம்மாவின் கண் விஷயம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லட்டும்.


மேட்டுத்தெரு எழுதியது:

அக்கா, என் அப்பாவுக்கு 76. தரையில் உட்காரவே முடியாது. வேதாத்திரி மகரிஷி முறையில் எளிய உடற்பயிற்சி என்று கை, கால், மூச்சு, கண் என்று வரிசையாக வருமே, அதில் கைப்பயிற்சியையும் கண் பயிற்சியையும் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து செய்கிறார். மகராசனம் படுத்து எழ வேண்டும் என்பதால் விட்டுவிட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முழுசாகச் செய்தால்தான் பலன் என்று ஒருவர் சொன்னாராம், அப்பா அவரிடம், "நீங்க இட்லி முழுசா தின்னுவீங்க, நான் பாதிதான்" என்றிருக்கிறார்.


லென்ஸ்காரன் எழுதியது:

கண் மருத்துவமனையில் பார்வைப் பரிசோதகராக வேலை பார்க்கிறேன். அம்மா விஷயத்துக்கு மட்டும் பதில்.

கண்ணுக்குள் ஒரு திரவம் சுரந்துகொண்டே இருக்கும், வடிந்துகொண்டே இருக்கும். வடிவது சரியாக இல்லாவிட்டால் அழுத்தம் ஏறிப் பின்னால் இருக்கிற பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். இதைத்தான் குளுக்கோமா என்கிறார்கள். அந்த அழுத்தம் சாதாரணமாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்கலாம். அம்மா போடுகிற சொட்டு மருந்து அதை இறக்கி வைக்கத்தான். போன பார்வை திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வைத்தியம்.

தலை கீழே போனால் கண்ணிலும் அழுத்தம் ஏறும். சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் சிரசாசனம் செய்கிறவர்களை அந்த நிலையிலேயே அளந்து பார்த்து 2006-இல் வெளியிட்டார்கள், அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தப் பயிற்சியாளர்களிடம் கண் அழுத்தம் உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள், காலைநடை சார் கோபிக்க வேண்டாம். நல்ல கண்ணுக்குப் பொறுக்கிறது. ஏற்கெனவே நரம்பு அடிபட்ட கண்ணுக்கு அந்தச் சோதனை எதற்கு?

"எங்கம்மா சிரசாசனமா செய்யப் போறாங்க" என்று நினைக்காதீர்கள். 2015-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் குனிந்து பாதம் தொடுவது, கையும் காலும் ஊன்றி இடுப்பைத் தூக்கி நிற்பது, இவற்றிலும் அழுத்தம் ஏறியது. இரண்டாவதில்தான் அதிகம். சூரிய நமஸ்காரத்தில் இந்த இரண்டும் வரும்.

யோகா தினத்துக்கென்று மத்திய அரசின் ஆயுஷ் அமைச்சகம் போட்ட பொதுப் பயிற்சிக் கையேடு இருக்கிறது. அதிலேயே ஆசனங்களுக்குக் கீழே யார் தவிர்க்க வேண்டும் என்று எச்சரிக்கை உண்டு. குனிந்து பாதம் தொடும் பாதஹஸ்தாசனத்துக்குக் கீழே முதுகுக் கோளாறு, தலைசுற்றல் இவற்றோடு குளுக்கோமாவும் இருக்கிறது. நோட்டீஸில் "எல்லோரும் வாரீர்" என்று போடுகிறவர்கள் அந்தப் பகுதியை மைக்கில் வாசிப்பதில்லை, அவ்வளவுதான்.

அதனால் அம்மா போகட்டும். குனிகிற ஆசனம் வரும்போது நின்றுகொண்டே கையை மட்டும் அசைக்கட்டும். மூச்சை அடக்குவது, முக்குவது வேண்டாம். நடைப்பயிற்சி மாதிரியானவை இந்தக் கண்ணுக்கு நல்லதுதான், சும்மா உட்கார வைத்துவிடாதீர்கள். அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் "யோகா செய்கிறேன்" என்று மட்டும் சொல்லாமல், எந்த ஆசனம் என்று காட்டிக் கேளுங்கள்.


காலைநடை61 எழுதியது:

வாத்தியார் சார், "மறுபடி தொடங்குங்கள்" என்றது தவறு, ஒப்புக்கொள்கிறேன். டிஸ்க் பிதுங்கல் என்று எழுதியிருந்ததைச் சரியாகப் படிக்கவில்லை. ஆனால் என் சர்வாங்காசனத்தை நான் விடுவதாக இல்லை. கண் பிரஷர் மட்டும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன், இதுவரை பார்த்ததில்லை.


ஊசிநூல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் சார், அந்தக் காசாளர் கதையைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மெஷினை நிறுத்திவிட்டேன். எங்கள் மாஸ்டர் ஒரு தடவைகூட வீட்டுக்கு வரவில்லை. நீங்கள் போய்ப் பார்த்தீர்கள்.

நீங்கள் எழுதியதைப் பிசியோ பெண்ணிடம் போனிலேயே காட்டினேன். கை தூக்குவதும் தோளைப் பின்னால் சேர்ப்பதும் சரி, ஆனால் நான்கு தடவையில் தொடங்குங்கள் என்றாள். தையல் ஸ்டூலிலேயே உட்கார்ந்து மூன்று நாளாகச் செய்கிறேன். மூச்சு முடியும்போதுதான் கை போய்ச் சேர வேண்டும் என்றீர்களே, அது சுலபமில்லை சார். என் கை எப்போதும் முன்னாலேயே போய் நிற்கிறது. பெடலை மிதித்தே பழகினவளுக்கு எல்லாவற்றிலும் அவசரம். நேற்று நான்கில் ஒரு தடவை இரண்டும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன.

அம்மா எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் செய்வதைப் பார்த்துச் செய்கிறார். எனக்கு முன்பே அவருக்குப் பிடிபட்டுவிட்டது, அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

நாத்தனாரிடம் கையேடு விஷயத்தைச் சொன்னேன். நம்பவில்லை. போனில் தேடி, குளுக்கோமா என்கிற வார்த்தையை அவரே படித்துவிட்டு, "இதை ஏன் அண்ணி மாஸ்டர் சொல்லவே இல்ல" என்றார். நாத்தனாருக்கும் கண்ணாடி பவர் மைனஸ் ஏழு. அதே வரியில் கிட்டப்பார்வை அதிகம் இருப்பவர்களையும் போட்டிருக்கிறதே, பார்த்தாரா பார்க்கவில்லையா என்று தெரியவில்லை. நான் எடுத்துச் சொல்லவில்லை, சாயங்காலம் தானாகவே கண் டாக்டரிடம் டோக்கன் போட்டிருக்கிறார்.

21-ஆம் தேதி அம்மா மைதானத்துக்குப் போகிறார். கடைசி வரிசை, ஓரத்தில் ஒரு நாற்காலி, பக்கத்தில் நாத்தனார், குனியும்போது தோளைத் தட்டி "நீங்க வேணாம்த்தை" என்று சொல்வதற்கு. டி-ஷர்ட் முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள். எக்ஸெல் சைஸ். இரண்டு பக்கமும் பிடித்து, கையில் இரண்டு அங்குலம் குறைத்துத் தரச் சொல்லியிருக்கிறார் அம்மா. கூலி கிடையாதாம்.